காப்பாளர்: தாய்மாமன்

“அந்தாளு கையைப் பாத்தீங்களா? அதுல ஒண்ணு வாங்கினா நம்மளே தாங்க மாட்டோம்” என்றார் வகுப்பு ஆசிரியை.

கூட்ட அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். வெல்டிங் பட்டறைக்காரன், புறங்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்புகள். நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து உள்ளே எட்டிப் பார்ப்பதும், காவலுக்கு நின்றவர் முறைத்ததும் உட்காருவதுமாக இருந்தான்.

உள்ளே குழந்தைகள் நல அதிகாரி, இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரி நர்ஸ், ஆசிரியை. நான்கு அலுவலகங்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவது லேசில் நடக்கிற காரியமா? போன வருஷம் ஒரு பையன் விஷயத்தில் ஆளுக்கொரு ஃபைலை வைத்துக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். கடிதம் போய்ச் சேர்வதற்குள் பையன் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றைக்குப் போன தூக்கம் அந்த அதிகாரிக்கு இன்னும் திரும்பவில்லை.

“இந்தத் தடவை கோட்டை விடக்கூடாது. அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. டீச்சர், நீங்க முதல்ல” என்றார் அதிகாரி.

“திங்கக்கிழமை கெண்டைக்கால்ல வரி வரியா இருந்துச்சும்மா. யாரு அடிச்சது கண்ணுன்னு கேட்டேன். ‘மாமா அடிச்சாரு’ன்னா. அதுக்கப்புறம் என்ன கேட்டும் வாயே திறக்கலை. அந்தாளைக் கூப்பிட்டுக் கேக்கலாம்னா, பள்ளிக்கூடத்துப் பக்கம் தலை காட்டினதே கிடையாது.”

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். குழந்தைக்கு வயது ஆறு. ஒரு வயதிருக்கும்போது அம்மா அப்பா இரண்டு பேரும் விபத்தில் போய்விட்டார்கள். ‘காப்பாளர்: தாய்மாமன்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கல்யாணம் ஆகாதவன், வீட்டில் வேறு யாரும் கிடையாது.

“ரெண்டு தடவை அவரேதான் தூக்கிட்டு வந்தாரு” என்றார் நர்ஸ். “விளையாடும்போது விழுந்திருப்பா, கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்கறாரு. விழுந்தா கோடு போட்ட மாதிரியா இருக்கும்? யாரு காதுல பூ சுத்தறாரு?”

பிறகு அவர் குரல் இறங்கியது. “அவரை வெளிய நிக்க வச்சுட்டுத்தான் மருந்து போட்டேன். முடியற வரைக்கும் ‘அப்பாவைக் கூப்பிடுங்க, அப்பாவைக் கூப்பிடுங்க’ன்னு ஒரே அழுகை. செத்துப்போன மனுஷனை நான் எங்கேருந்து கூப்பிடறது?”

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தினமும் குழந்தையைப் பார்க்கிறவர் என்பதால் பள்ளி வேன் டிரைவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் உட்காரக்கூட இல்லை, ஓரமாக நின்றார்.

“என்னத்தைச் சொல்றதுங்கம்மா. காலையில வேன்ல ஏறும்போதே அழுதுட்டுதான் ஏறும். அந்தாளு வாசல்ல நின்னு வெறிச்சுப் பாத்துட்டே இருப்பான். பதினெட்டுப் புள்ளைங்க ஏறுது, வேற எதுவும் இப்படி அழாது. எனக்கே பாவமா இருக்கும்.”

“நான் விசாரிச்சாச்சு” என்றார் இன்ஸ்பெக்டர். “அவ என் உசுருங்கறான். அடிக்கறவன் எல்லாரும் இதைத்தான் சொல்றான். புள்ள நம்மகிட்ட என்ன சொல்லுச்சுன்னு அவன்கிட்ட மூச்சு விடலை.”

“விடவும் கூடாது. அப்புறம் புள்ளையை மிரட்டிடுவான்” என்றார் அதிகாரி.

விதியும் அதுதான். குழந்தையை உடனே விடுதிக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. நான்கு கையெழுத்தும் பத்தே நிமிஷத்தில் விழுந்தன.

விஷயத்தைச் சொன்னபோது அவன் சத்தம் போடவில்லை. “என்னை வேணா உள்ள வைங்கம்மா. அவளைப் பிரிக்காதீங்க. புது இடம்னா ஒரு வாய் சாப்பிட மாட்டா” என்று கையெடுத்துக் கும்பிட்டான். அதிகாரி ஃபைலை மூடினார். போன வருஷத்துப் பையனை நினைத்து மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

ஆபீஸ் வண்டி வேறு வேலையாகப் போயிருந்தது. “விடுதி என் வழியிலதாம்மா இருக்கு, நானே கொண்டுபோய் இறக்கி விட்டுடறேன்” என்றார் டிரைவர்.

“அதுவும் நல்லதுதான். போலீஸ் ஜீப்னா மிரளும், தெரிஞ்ச முகம்னா குழந்தை பயப்படாது. இன்ஸ்பெக்டர் பின்னாடியே ஜீப்ல வருவாங்க” என்றார் அதிகாரி.

பக்கத்து அறையிலிருந்து குழந்தையை அழைத்து வந்தார்கள். பெஞ்சில் அவனைப் பார்த்ததும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

“அடிக்கறவனையே போய்க் கட்டிக்குது பாருங்க. அதுக்கு வேற யாரு இருக்கா” என்று நர்ஸ் முணுமுணுத்தார்.

அதிகாரி குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார். “கண்ணு, இனிமே உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க. சமத்தா வேன்ல ஏறிக்கோ.”

டிரைவர் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “வாடா செல்லம்” என்று சிரித்தபடி ஓரடி முன்னால் வந்தார்.

குழந்தை சட்டென்று பின்னால் நகர்ந்தது. பட்டறைக்காரனின் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

“அப்பா, இந்த மாமாகூட என்னை அனுப்பாதப்பா.”