பஸ் ஏறி நடப்போர் சங்கம்

"கேப்டன்! மச்சான் மறுபடியும் நின்னுட்டார்!"

டீச்சர் குரல் கொடுத்ததும், முன்னால் போய்க்கொண்டிருந்த கேப்டன் திரும்பினார். திரும்பிய முகத்திலேயே பாதித் திட்டு இருந்தது.

வாய்க்கால் கரையில் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார் மச்சான். கேப்டனுடைய மனைவியின் தம்பி. அதனால் சங்கத்தில் எல்லோருக்குமே அவர் மச்சான்தான். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிறார்.

"ஊருக்கே துணி தைக்கிறே. ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியலையேடா!"

"புது லேஸ் அத்தான். வழுக்குது."

"போன வாரம் பழைய லேஸ்னு சொன்னே!"

"அது இத்துப்போச்சு அத்தான்."

கேப்டன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாவகாசமாக ஆரம்பித்தார். மச்சான் பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனது, கடை திறப்பது லேட், அக்கா கல்யாணத்துக்கே லேட்டாக வந்தது என்று ஆதியோடந்தமாகத் திட்டி முடித்துவிட்டுத்தான் நடந்தார்.

கேப்டன் பட்டாளத்துக்காரர் இல்லை. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் சங்கம் அவர் ஆரம்பித்ததுதான். அவர், மச்சான், டீச்சர், மருந்துக்கடைக்காரர் என்று மொத்தம் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ் ஏறி, ஊர் தாண்டி ஒரு நிறுத்தத்தில் இறங்கி, வயல், தோப்பு, வாய்க்கால் கரை என்று நடந்து, வேறொரு நிறுத்தத்தில் பஸ் பிடித்துத் திரும்ப வேண்டும்.

"நடக்கறதுக்கு எதுக்குங்க பஸ்ஸு?" என்று கண்டக்டர் வாராவாரம் கேட்பார். வாராவாரம் அவரே சிரித்துக்கொள்வார்.

மச்சான் ஒரு தடவை நின்றதோடு விடமாட்டார். லேஸ் முடிந்தால் காலில் முள். முள் முடிந்தால் மரத்தில் ஏதோ குருவி. ஒவ்வொன்றுக்கும் கேப்டன் நின்று, நிதானமாக, ரசித்துத் திட்டுவார்.

அன்றைக்கு அணைக்கட்டு நிறுத்தத்துக்கு அவர்கள் வந்தபோது பஸ்ஸின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அடுத்த பஸ் சாயங்காலம்.

மருந்துக்கடைக்காரருக்குப் பசி. டீச்சர் வீட்டிலோ விருந்தாளிகள் வந்து பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இவரைக் கூட்டிக்கிட்டு நடக்க முடியாது, ஊர்வலம்தான் போக முடியும். சங்கத்துலேருந்து எடுத்துடலாம்" என்றார் டீச்சர். முதல் கையைத் தூக்கியதும் அவர்தான். அடுத்தது மருந்துக்கடைக்காரர்.

"மச்சான்னு பார்த்தா சங்கம் உருப்படுமா?" என்று கேப்டனும் கையைத் தூக்கினார்.

மச்சானுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "சரி அத்தான். ஆனா என் இடத்துக்கு யாரையாவது போட்டுக்குங்க. திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு நடை ஜோராகப் போயிற்று. லேஸ் இல்லை, முள் இல்லை, குருவி இல்லை. யாரும் எங்கும் நிற்கவில்லை.

"இப்பத்தான் இது நடை!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மேட்டுப் பாதை வந்ததும் கேப்டனின் பேச்சு நின்றது. சட்டை தொப்பலாக நனைந்தது. முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது.

"கொஞ்சம் உட்காருங்க கேப்டன்."

"உட்கார்றதா? நானா?"

அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவே நாலைந்து மூச்சு வாங்கினார். டீச்சர் கையைப் பிடித்தால் உதறுகிறார். மருந்துக்கடைக்காரர் தண்ணீரை நீட்டினால் தள்ளிவிட்டு நடக்கிறார். டீச்சருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. சுற்றிலும் வயல்தான், ஆள் அரவம் இல்லை.

பாதை திரும்பியது. அங்கே ஒரு மதகு. அதன் மேல் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார் மச்சான்.

"டேய்!"

கேப்டன் நின்றுவிட்டார்.

"உன்னைத்தான் எடுத்தாச்சே! இங்க எப்படிடா வந்தே?"

"முந்தின பஸ்ல வந்தேன் அத்தான். சங்கம்தானே உங்களுது? பஸ்ஸும் பாதையும் பொதுதானே?"

அவ்வளவுதான். கேப்டன் பிடித்துக்கொண்டார். முதலில் மதகில் கை ஊன்றித் திட்டினார். பிறகு வசதியாக உட்கார்ந்தே திட்டினார். பள்ளிக்கூடம், கடை என்று வரிசையாக வந்தது. அக்கா கல்யாணத்துக்கு வருவதற்குள் மூச்சு சீராகிவிட்டது. முகத்தில் ரத்தம் திரும்பியது. தண்ணீரை அவரே கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

திட்டு ஓய்ந்ததும் டீச்சர் மச்சானை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எடுத்த பிறகும் தேடி வந்து திட்டு வாங்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"அத்தானுக்கு நெஞ்சு சரியில்ல டீச்சர். நடக்கலாம், ஆனா அப்பப்ப நின்னு மூச்சு வாங்கிக்கணும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். தனக்காக நிக்கிற ஆளா அவரு? அடுத்தவனைத் திட்டணும்னாத்தான் நிப்பார். அதான் அக்கா என்னைக் கூடவே அனுப்பறா. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க, அவருக்குத் தெரிஞ்சா அவமானமாப் போயிடும்."

போன வாரம் முதலில் தூக்கிய கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"என்ன அங்க அரட்டை? கிளம்புங்க, பஸ் போயிடும்!" என்று கேப்டன் எழுந்து மறுபடியும் வேகம் பிடித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் மச்சான் லேஸை அவிழ்க்கக் குனிந்தார். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

பிறகு தன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று கத்தினார்.

"கேப்டன்! என் கால்ல முள்ளு!"