கயிறு அறுந்தால்

1984 ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, காலை 6.20. மேகமற்ற வானம், மேல்காற்று செம்மண் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அரியலூரிலிருந்து செந்துறை செல்லும் சாலையோரப் பட்டறையில், கிணற்றுக்கு மேலே, ஓர் இரும்புத் தொட்டிக்குள் வாயில் ரத்தம் வழியத் தொங்கிக்கொண்டிருந்தார் பொறியாளர் சவரிராஜ்.

தொட்டிக்குக் கீழே அறுபது அடிப் பள்ளம். பள்ளத்தின் அடியில் பாறை. தொட்டி ஆடாமலிருக்க இருபுறமும் பனங்கட்டைகள் கிணற்றுக்குள் இறங்கியிருந்தன. தொட்டியைக் கயிற்றில் தாங்கி நின்ற கிரேனின் கைப்பிடி, திருச்சியிலிருந்து காரில் வந்த இரண்டு தடியர்களின் பிடியில் இருந்தது.

“கையெழுத்துப் போடுறியா, கைய விடச் சொல்லட்டுமா?” என்றார் முதலாளி செல்லதுரை.

கிணறு வெட்டுவோரை இறக்கி ஏற்றும் கிரேன்கள், விற்பனைக்குத் தயாராக முற்றத்தில் வரிசையாக நின்றன. பொறியாளரின் ஒப்புதல் தாள் இல்லாமல் ஒன்றைக்கூட எடுக்க மாட்டோம் என்று வாங்குவோர் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாள் செல்லதுரையின் கையில் படபடத்தது.

“கயிறு அறுந்தா உள்ள இருக்கற ஆளுங்க செத்துருவாங்க. அதுக்கு ஒரு வழி பண்ணாம நான் போட மாட்டேங்க.”

“கயிறுன்னா அறத்தான்யா செய்யும்! போன வருசம் கொளஞ்சி செத்தான். அதுக்காக யாவாரத்த நிறுத்திட்டு நானும் அவன்கூடப் போயிடவா?”

கிணறு வெட்ட இறங்கிய கொளஞ்சி கயிறு அறுந்து விழுந்து இறந்தது சவரிராஜ் வடிவமைத்த கிரேனில். அன்றிலிருந்து அவருடைய வேலை முறையே மாறியிருந்தது. தாளில் கோடாக இருக்கும்போதே ‘இது எப்படி உடையும்?’ என்று கேட்பார். வார்த்து வந்ததும் உடைத்துப் பார்ப்பார். பூட்டி முடித்ததும் மீண்டும் உடைப்பார். இனி உடைக்க வழியில்லை என்றான பிறகே பேனாவைத் திறப்பார்.

“உடைக்கறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறேன்?” செல்லதுரை கடப்பாரையை ஓங்கி, தொட்டியின் விளிம்பைப் பற்றியிருந்த இடக்கை விரல்களின்மேல் இறக்கினார். எலும்பு நொறுங்கும் ஓசை கேட்டது. வலக்கையை அவர் தொடவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய கை அது.

சவரிராஜ் அலறினார். அலறி முடித்ததும், “மாட்டேங்க” என்றார்.

செல்லதுரை தொட்டியைத் தாங்கிய கயிற்றை அண்ணாந்து பார்த்தார். பழையதும் புதியதுமாக, முழத்துக்கு ஒரு முடிச்சு. “புதுக் கயிறு வாங்கக்கூடத் துப்பில்லையா? தானா அறுந்துச்சுன்னா எம்மேல பழி போடாத.”

பட்டறை ஆட்கள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள். சவரிராஜ் மட்டும் சில வாரங்களாக விடிந்ததுமே வந்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் செல்லதுரை இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு ராசாங்கம் உள்ளே வந்தார். கொளஞ்சியின் அண்ணன், தம்பியின் கருமாதியன்று, அந்தக் கிரேனைச் செய்தவனின் தலையை எடுப்பேன் என்று ஊரறியச் சொன்னவர். கையில் புதிதாகத் தீட்டிய அரிவாள் வெயிலில் மின்னியது.

தடியர்கள் கைப்பிடியைக் கொக்கியில் மாட்டிவிட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். செல்லதுரை இரண்டடி பின்வாங்கினார். பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

“வாய்யா ராசாங்கம்! உன் தம்பியக் கொன்ன கிரேனப் போட்ட ஆளு இந்தா தொங்குறான், பாத்துக்க.”

“தெரியும். இவரப் பாக்கத்தான் வந்தேன்” என்றார் ராசாங்கம். தொட்டிக்குள் இருந்தவரை வெகுநேரம் பார்த்தார்.

செல்லதுரை தொட்டிப் பக்கம் திரும்பினார். “இப்பவாச்சும் போடு சவரிராஜ். போட்டா இவன நான் பேசி அனுப்புறேன்.”

சவரிராஜ் முதலாளியைப் பார்க்கவில்லை. ராசாங்கத்தின் கண்களையே பார்த்து, “வெட்டுங்க” என்றார். “முடிச்சுமேல மட்டும் வேணாம்.”

ராசாங்கம் அரிவாளை ஓங்கினார்.

“டேய், வேணாம்டா! கையெழுத்து வாங்கணும்டா!” என்று கத்தினார் செல்லதுரை.

அரிவாள் இறங்கியது. கயிறு ஒரே வெட்டில் துண்டாகி, மேல்முனை சாட்டையாகச் சுழன்று செல்லதுரையின் கன்னத்தைக் கிழித்தது. தொட்டி கிணற்றுக்குள் மறைந்தது.

செல்லதுரை காதைப் பொத்திக்கொண்டார். ஆனால், பாறையில் மோதும் சத்தம் வரவில்லை. மரத்தை இரும்பு கடிக்கும் சத்தம்தான் வந்தது.

எட்டிப் பார்த்தார். தொட்டி ஒரு முழம் மட்டுமே இறங்கியிருந்தது. கயிற்றின் இழுவிசை அற்றதும் தொட்டியின் இருபுறமும் மடங்கியிருந்த எஃகுப் பற்கள் தாமாக விரிந்து பனங்கட்டைகளைக் கவ்வியிருந்தன. அதற்கு மேலும் கீழும் கட்டைகளில் அதே போன்ற பழைய பல் தடங்கள் எண்ணற்றவை இருந்தன.

ராசாங்கம் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, சவரிராஜின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வெளியே விட்டார்.

சவரிராஜ், முதலாளியின் கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்த தாளை எடுத்துத் தொடையில் வைத்தார். ‘ஒப்புதல் மறுக்கப்படுகிறது. இந்தக் கவ்வியைப் பொருத்தாத எந்தக் கிரேனும் வெளியே செல்லக் கூடாது’ என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டார். தாளின் ஓரத்தில் ரத்தம் பட்டிருந்தது. துடைத்துவிட்டு முதலாளியிடம் நீட்டினார். கன்னத்தைப் பொத்தியிருந்த செல்லதுரை, அரிவாளைப் பார்த்தபடியே அதை வாங்கிக்கொண்டார்.

வெட்டுண்ட கயிற்றின் இரு முனைகளையும் சேர்த்து இன்னொரு முடிச்சுப் போடத் தொடங்கிய ராசாங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

“நாளையிலேருந்து மறுபடியும் தொட்டியில மண்ணு மூட்டையே வைங்க சார், ஆளு ஒக்காந்திருந்தா கயித்த வெட்ட எனக்குக் கை நடுங்குது.”