பேருந்துத் தடத்தில் இரண்டு பேர்

ஒஸ்லோவுக்குப் போகும் சாலையில், பேருந்துகளுக்கென்று ஒதுக்கிய தடத்தில், போலீஸ்காரர் கையைக் காட்டிக் காரை நிறுத்தினார்.

தோர்கெய்ர் கண்ணாடியை இறக்கினான். பக்கத்து இருக்கையில் ராக்னில்ட் நேரே பார்த்தபடி இருந்தாள்.

கணவன் மனைவிதான். ஆனால் பிரிந்து நாலு மாதமாகிறது. விவாகரத்து வேண்டுமென்றால் ஒரு வருடம் பிரிந்து இருந்து காட்ட வேண்டும் என்பது சட்டம். வீடு அவளுக்கு என்றானது. அவன் இரண்டு தெரு தள்ளி, யாரோ வீட்டின் அடித்தளத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டான்.

கார் மட்டும் பொதுவில் நின்றது.

அதை வாங்கும்போதே சண்டை. அவனுக்கு டீசலில் ஓடினால்தான் கார்.

“கரண்ட் கார்னா வரி கிடையாது, பஸ் போற தடத்துல போலாம். கவர்மெண்டே கூப்பிட்டுக் குடுக்கறப்ப உனக்கென்ன வீம்பு?” என்று ராக்னில்ட் வாயை அடைத்தாள்.

ஊரே அப்படித்தான் வாங்கியது. பேருந்துத் தடம் மின்சாரக் கார்களால் நிரம்பி, பேருந்துகள் நகர முடியாமல் திணறின. கடைசியில், காலை நெரிசலில் காருக்குள் இரண்டு பேராவது இருந்தால்தான் அந்தத் தடம் என்று விதி வந்தது.

ஆகவே, பிரிந்த பிறகும் தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது அவன் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். அவள் ஏறிக்கொள்வாள். தடத்துக்காகத்தான் என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டார்கள். அதற்கு மேல் பேச எதுவும் இருக்கவில்லை.

“ரெண்டு பேர் இருக்கோம்” என்றான் தோர்கெய்ர், போலீஸ்காரர் வாயைத் திறப்பதற்குள்.

“அதுக்கில்லீங்க. பின்னாடி ஒரு லைட் எரியல” என்றார் அவர். பிறகு சிரித்தார். “அந்த ரெண்டு பேர் விதியத்தான் திங்கக்கிழமையோட எடுத்துட்டாங்களே. இப்ப தனியாவே போலாம். தெரியாதா?”

“தெரியாதே” என்றான் தோர்கெய்ர். அவள் பக்கம் திரும்பினான். “உனக்கு?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

கார் கிளம்பியது.

“இனிமே எல்லாரும் தனித்தனியா இதுல வந்து அடைச்சுக்குவாங்க” என்றாள் ராக்னில்ட், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாவே வா.”

“சரி.”

போன வாரமே அவனுக்குத் தெரியும். அந்த அடித்தள அறையில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் கேட்டான்.

சாலைத் துறையின் சார்பில் விதி மாற்றத்தை விளக்கியது ராக்னில்டின் குரல்.