ஈரம் காயாத கதவு

ஒரு வீட்டுப் பூஜை அலமாரிக்குக் கதவாகப் போகவிருந்த பலாப்பலகைக்கு மனசுக்குள் ஒரே பயம். அறுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே இன்னும் ஈரம் இருந்தது.

"அக்கா, உன்னைத் தேய்ச்சா தூள் ஈரமா ஒட்டுது. ஆசாரிகிட்ட சொல்லிடு," என்றது உப்புத்தாள்.

"சும்மா இருடி. சொன்னா என்னை ஓரமாச் சாத்திட்டு வேற பலகையை எடுத்துடுவாரு."

வார்னிஷ் டப்பாவும் ஒரு வார்த்தை கேட்டது. "நல்லாக் காஞ்சுட்டியாம்மா? நான் மூடிட்டா அப்புறம் மூச்சு விட வழி கிடையாது."

"காஞ்சாச்சு, காஞ்சாச்சு. நீ பூசு," என்றது பலகை.

கதவு பளபளவென்று சாமிக்கு முன்னால் நின்றது. பதினைந்தே நாளில் மேலெல்லாம் கொப்புளம் கிளம்பியது. பலகை முறுக்கிக்கொண்டது, கதவைச் சாத்தவே முடியவில்லை. ஆசாரி அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வார்னிஷைச் சுரண்டிவிட்டுக் காற்றுபடச் சாத்திவைத்தார்.

"என் இடத்துக்கு யாருடி போனா?" என்று உப்புத்தாளிடம் கேட்டது பலகை.

சட்டத்தைத் தேய்க்க அந்த வீட்டுக்குப் போய்வந்த உப்புத்தாள் மெல்லச் சொன்னது:

"யாரும் போகலை அக்கா. ஒரு துணியைத் திரையாக் கட்டியிருக்காங்க. அந்தப் பலகையே காஞ்சு வரட்டும், காத்திருக்கோம்னு சொல்லிட்டாங்க."