திருப்பி வெட்டிய பதில்

நிறைந்த மண்டபத்தில் கள்ளி என்று பெயர் வாங்கியவள் றஸ்னா. அவள் செய்த குற்றம், இறப்பர் தகட்டில் எழுத்துகளைப் பிசிறில்லாமல் வெட்டி அச்சடித்ததுதான்.

கல்முனையில் நடந்த கைவேலைச் சுவரொட்டிப் போட்டி அது. கலியாணக் கார்ட் தொடக்கம் கோப்பிக்கடைப் பெயர்ப்பலகை வரைக்கும் இப்போது கையால் வெட்டிய எழுத்துக்குத்தான் மவுசு. அந்த மவுசை ஊருக்குள் கொண்டுவந்தவர் டிசைன் கடை ஜவாத். நடுவரும் அவர்தான். இளசுகளுக்கு அவர் ‘நானா’, அண்ணன்.

"இது கம்பியூட்டர் வேலை." றஸ்னாவின் தாளை மேசையில் போட்டார். "கையால வெட்டினா ஒரு வெடிப்பு, ஒரு பிசகு இரிக்கணும். இதில ஒண்டுமில்ல. கள்ள வேலை. நீக்கியாச்சி."

றஸ்னா வாய் திறக்கவில்லை. திறந்தவள் அவளோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஸம்றா. வாதாடக் கிடைத்தால் சோற்றையும் மறந்துவிடுவாள்.

"பிழை இல்லாதது ஒரு பிழையா, நானா? சோதினையில நூறு எடுத்தா பார்த்தெழுதினது எண்டுதான் சொல்லுவீங்களா?"

"தங்கச்சி, கைவேலைய எனக்குப் படிப்பிக்க வராதீங்க. அங்க பாருங்க."

மேடைச் சுவரில் அவருடைய சுவரொட்டி தொங்கியது. ‘மண்ணும் மனசும்.’ நாலு ‘ம’. ஒவ்வொன்றின் காலிலும் அழகாக ஒரு வெடிப்பு.

"ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா வெட்டினன். அதுதான் கை!"

சபை கைதட்டியது. ஸம்றாவுக்கு எரிச்சல். போதாததற்கு, அந்தச் சுவரொட்டியைப் படமெடுத்துத் தன் போன் முகப்பில் வைத்திருப்பவளே அவள்தான்.

"அப்ப இவள் இங்கயே வெட்டிக் காட்டட்டும். எல்லாருக்கும் முன்னால!"

"வெட்டட்டுமே. விரும்பினத வெட்டட்டும்."

"வெட்டுவியாடி?"

"ஓம்," என்றாள் றஸ்னா. மண்டபத்துக்குள் வந்து அவள் சொன்ன முதல் சொல்.

உடனே கத்தியை எடுக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் தகட்டில் குனிந்தாள்.

அச்சில் நேராக விழ வேண்டுமென்றால் தகட்டில் இடம்வலம் மாற்றித்தான் வெட்ட வேண்டும். சுற்றி நின்றவர்களுக்கு ஓரெழுத்தும் பிடிபடவில்லை.

"என்ன இது, அறபா?"

"வலப்பக்கமிருந்து போகுது, அறபுதான்."

"அறபு ஓதின எனக்கே விளங்கல்ல, உனக்கு விளங்குதாக்கும்!"

மை தடவி, தாளை வைத்து, கரண்டி முதுகால் தேய்த்தாள் றஸ்னா. தாளை உரித்தெடுத்து, யாருக்கும் காட்டாமல் ஜவாதின் முகத்துக்கு நேரே மட்டும் பிடித்தாள்.

ஜவாத் படித்தார். சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சட்டென்று தாளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஈர மை வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது.

"கைவேலைதான்." மறுகையால் மேசையில் கிடந்த அவளுடைய தாளை எடுத்தார். "நான் சொன்னதுதான் பிழை. இவட தாளைப் போட்டியில சேருங்க."

"என்ன நானா வெட்டியிரிக்கி? காட்டுங்களன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜவாத் காட்டவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் ஸம்றா பொரிந்து தள்ளினாள்.

"கள்ளி எண்ட மனிசனுக்கு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லத் தெரியாதா உனக்கு? நான் தொண்ட கிழியக் கத்துறன், நீ வாய்க்குள்ள புட்டையா வச்சிரிந்தாய்?"

"சொன்னன்தானே."

"எப்ப சொன்னாய்?"

றஸ்னா பையிலிருந்து தகட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"சத்தமாச் சொல்லியிருந்தா நாளைக்கு அவர்ட கடைக்கு ஆர் போற?"

ஸம்றா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிடிபடவில்லை. எட்டி, ஆட்டோக் கண்ணாடிக்கு நேரே பிடித்தாள்.

‘கையால வெட்டின நாலு ம-வும் ஒரே மாதிரி வெடிக்குமா, நானா?’