தொட்டியில் தேங்காயெண்ணெய்

‘ஜூலை 13, ஞாயிறு. ஒரு சிறு தவறு. போன மாதம் கல் அறுக்கும் மிஷின் தொட்டியில் தேங்காயெண்ணெய் ஊற்றிவிட்டேன்.’ காலையில் இப்படி எழுதிவிட்டு, ‘சிறு’ என்பது சரிதானா என்று பூபதி யோசித்தான். மாலை வகுப்பில் ரத்தினக்கல் வெட்டக் கற்கிறவன் அவன். பழைய மிஷின் ஒன்றை வாங்கித் துரு சுரண்டி, பெல்ட் மாற்றி வைத்திருந்தான். எந்த எண்ணெய் ஊற்றுவது என்று வாத்தியாரிடம் கேட்க மட்டும் கூச்சம். ஒரே மாதத்தில் எண்ணெயும் கல்மாவும் ஊறி அழுகி, வீடெங்கும் செத்த எலி வாடை.

மூன்று மாதக் கர்ப்பிணியான மனைவி ரேணுகா வாந்தியெடுத்தே துவண்டிருந்தாள். “ஏனுங்க, இன்னைக்குள்ள இந்த நாத்தம் போகலீனா காலைல எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவனுங்க. புள்ள பொறந்தாலும் திரும்ப மாட்டன்.”

பூபதி கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு அள்ளினான். சாம்பல்நிறக் கூழ் சளிபோல விரலிடுக்கில் இழுபட்டது. ஊதிப்போன கரப்பான்கள் கையோடு வந்தன. அடிவரை வழித்தான். சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவி, வெயிலில் கவிழ்த்தான்.

சாயங்காலம் ரேணுகா தொட்டிமேல் குனிந்து மெல்ல மூச்சை இழுத்தாள். “இதுல நாத்தம் வரலீங்க,” என்றாள். சந்தோஷத்தில் அவள் தோளைத் தொட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

உள்ளங்கையை முகர்ந்து பார்த்தான். இன்னொரு முறை தேய்த்துக் கழுவியும் அதே எலி வாடை. பிறகு டைரியை எடுத்தான்.

‘நாளை: ஆறரை பஸ்ஸுக்கு ரேணுகாவின் பையைத் தூக்கிவரப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.’