தூசி படிந்த பட்டன்

சனிக்கிரகத்துக்குப் போகிற வழியில் ஒரு விண்வெளி நிலையம். அதன் கேன்டீனில் ஒரு பாட்டுப்பெட்டியும் ஒரு டீ மெஷினும் அடுத்தடுத்து நின்றன. எந்த மெஷினின் பட்டனில் தூசி படிகிறதோ, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது அந்த நிலையத்து வழக்கம்.

அதை நினைத்தாலே பாட்டுப்பெட்டிக்குப் பயம். யாராவது விரலை நீட்டினால் போதும், பட்டனைத் தொடும் முன்பே பாட ஆரம்பித்துவிடும். வந்தவர் விரலை மடக்கிக்கொண்டு, ரசித்துக் கேட்டுவிட்டுப் போவார்.

"அவங்க அமுக்குற வரைக்கும் கொஞ்சம் பொறு தம்பி," என்றது டீ மெஷின்.

"அதுக்குள்ள மனசு மாறிப் போயிட்டாங்கன்னா, அக்கா?"

பட்டனில் தூசி ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் மேற்பார்வையாளர் பூங்கோதை வந்து அதைப் பார்த்தாள். எதற்கும் ஒருமுறை அமுக்கிப் பார்ப்போம் என்று விரலை நீட்டினாள். பாட்டுப்பெட்டி பதறிப்போய், தன்னிடம் இருந்ததிலேயே இனிமையான பாட்டை எடுத்துவிட்டது.

அவள் விரல் பாதியில் நின்றது. பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுது. ஆனா பட்டன் போயிடுச்சு போல, தானா ஓடுது. தூக்கிடுங்க."

தள்ளுவண்டியில் ஏற்றும்போது பாட்டுப்பெட்டி கேட்டது: "வேற பாட்டு பாடியிருக்கணுமோ, அக்கா?"